என் வீட்டில் எனக்கு என்ன இடம்?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு வணக்கம்.

எனக்கு வயது 32. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. பெண் குழந்தை பிறந்து நாலாவது மாதம் நடக்கிறது. குழந்தை நன்றாக இருக்கிறாள், அவளால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பிரச்சினை என் மாமியாரும் மனைவியும்தான்.

தலைப்பிரசவம் என்றால் அம்மா வீட்டுக்கு அனுப்புவதுதான் வழக்கம். ஏழாம் மாதத்தில் மனைவிக்குச் சுகர் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அவள் ஊரில் பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. இங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். அந்த நல்ல மனசுக்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன். பிரசவத்துக்கு வந்த மாமியார் இன்னும் கிளம்பவில்லை. எங்களுடையது ஒரே ஒரு பெட்ரூம் உள்ள வாடகை வீடு. உள்ளே அவர்கள் மூன்று பேர். நான் ஹாலில் பாய் போட்டுப் படுக்கிறேன். டிவி போட்டால் குழந்தை முழித்துக்கொள்ளும், போனில் பேசினால் முழித்துக்கொள்ளும், கதவைச் சாத்தினால் முழித்துக்கொள்ளும். வாடகை கொடுப்பவன் நான். ஆனால் என் வீட்டில் நான் விருந்தாளியாக இருக்கிறேன். விருந்தாளியைக்கூடச் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள்.

சாப்பாடு என்றதும் ஞாபகம் வருகிறது. எல்லாமே பத்தியச் சமையல். பூண்டும் மிளகும் போட்ட குழம்பு, காரமே இல்லாத பொரியல். பிள்ளை பெற்றவளுக்குச் சரி, எனக்கு எதற்கு? ராத்திரி பத்து மணிக்கு வந்தால் ஆறிப்போன சோற்றை மூடி வைத்திருக்கிறார்கள். சூடு பண்ணித் தர யாரும் எழுந்து வருவதில்லை.

என் வேலை பற்றி இவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஷிப்மெண்ட் நாலு நாள் தள்ளிப்போனால் பையர் டிஸ்கவுண்ட் கேட்பான், இல்லை ஃபிளைட்டில் அனுப்பு என்பான். அந்தச் செலவுக்கு முதலாளி என் முகத்தைத்தான் பார்ப்பார். குழந்தை பிறந்தபோது எனக்குக் கிடைத்தது இரண்டு நாள் லீவு. ஆபரேஷனுக்கு வைத்த நகைக் கடனுக்கு வட்டி ஓடுகிறது. அடுத்த வாரம் மூன்றாவது தடுப்பூசியாம், அதற்கும் லீவு போட்டுவிட்டு வரச் சொல்கிறாள். நான் என்ன மரத்தில் பறித்தா கொண்டு வருகிறேன்?

மனைவி முன்பு போல் இல்லை. எப்போதும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிறாள், ஏன் என்றால் ஒன்றுமில்லை என்கிறாள். நான் ஒரு வார்த்தை சத்தமாகப் பேசினால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். போன மாதம் ஒரு நாள் டிபன் பாக்ஸை எறிந்தேன், ஒத்துக்கொள்கிறேன். சுவரில்தான் எறிந்தேன், யார் மேலும் எறியவில்லை. நான் இதுவரை அவள் மேல் கை வைத்ததில்லை. எத்தனையோ வீட்டில் எப்படியெல்லாம் நடக்கிறது, அவளுக்கு அது தெரியவில்லை.

மாமியார் குழந்தையைக் கையை விட்டு இறக்குவதே இல்லை. ஆரம்பத்தில் நான் கேட்டபோது, 'கழுத்து நிக்கலைங்க மாப்பிள்ளை, உங்களுக்குப் பழக்கம் பத்தாது' என்றார். குழந்தைக்கு ரெண்டு மாசம் முடிகிற சமயம், ஒரு ராத்திரி இரண்டு பேரும் அசந்து தூங்கிவிட்டார்கள், அவள் அழுதுகொண்டே இருந்தாள், நான்தான் போய்த் தொட்டிலை ஆட்டினேன், கொஞ்சம் வேகமாகவே ஆட்டிவிட்டேன், சுவரில் லேசாக இடித்திருக்கும், குழந்தை சட்டென்று அமைதியாகிவிட்டாள், ஒன்றும் ஆகவில்லை, அதிலிருந்து நான் தூக்குவதும் இல்லை, அது அவர்களுக்கும் வசதிதான். நான் சொல்ல வந்தது, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது எங்கம்மா பக்கத்தில் நின்றாலே மாமியாருக்குப் பொறுக்காது. எங்கம்மா மனசு விட்டுப்போய் வருவதையே நிறுத்திக்கொண்டார்.

இதில் உச்சம் என்னவென்றால், பெண் குழந்தை பிறந்ததால்தான் நான் தொடுவதில்லையாம். மாமியார் இதை பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லியிருக்கிறார். மனைவியும் ஒரு நாள் சண்டையில் அதையே சொன்னாள். அம்மா, நான் பெண் குழந்தைதான் வேண்டும் என்று கேட்டவன். பெயர்கூட நான்தான் வைத்தேன். இந்த ஒரு பேச்சு எனக்கு நெஞ்சில் குத்திக்கொண்டே இருக்கிறது.

இப்போதெல்லாம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன், உள்ளே போகப் பிடிப்பதில்லை. பிரியாணி சாப்பிட்டாலும் மண்ணாக இருக்கிறது. மேட்ச் பார்ப்பதில்லை. நெஞ்செரிச்சல் என்று ஈசிஜி எடுத்தேன், நார்மல், கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது. முன்பு மாதத்துக்கு ஒரு முறை நண்பர்களோடு குடிப்பேன், இப்போது வாரத்தில் மூன்று நாள் ஆகிவிட்டது, தூக்கத்துக்காகத்தான்.

மாமியாரை மரியாதைக் குறைவு இல்லாமல் ஊருக்கு அனுப்புவது எப்படி? என் மனைவிக்கு நிலைமையை எப்படிப் புரியவைப்பது?

இப்படிக்கு,
பெயர் வேண்டாம்


தம்பி,

உங்கள் மாமியாரை ஊருக்கு அனுப்ப நான் வழி சொல்லப்போவதில்லை. கடிதத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு வரியிலும் யாரோ ஒருவர் உங்களுக்குக் குறை வைக்கிறார். ஒரே ஒரு வாக்கியத்தில்தான் குற்றம் சொல்ல யாரும் இல்லை. நீங்கள், குழந்தை, தொட்டில். அதை மூச்சு விடாமல் எழுதி முடித்து, உடனே எண்ணெய்க் குளியலுக்குத் தாவிவிட்டீர்கள். 'அதிலிருந்து நான் தூக்குவதும் இல்லை' என்ற இடத்திலிருந்துதான் நான் பேசப்போகிறேன்.

முதலில் குழந்தை. தொட்டில் இடித்து ஐந்து வாரம் போல ஆகியிருக்கிறது. பால் நன்றாகக் குடிக்கிறாள், எடை ஏறுகிறது, முகம் பார்த்துச் சிரிக்கிறாள், கழுத்து நிற்க ஆரம்பித்திருக்கிறது என்றால் பெரிய பாதிப்பு இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனாலும் அதை முடிவு செய்ய வேண்டியவர் நீங்களும் இல்லை, நானும் இல்லை. அடுத்த வாரம் போடப்போவது 14 வாரத் தடுப்பூசியாக இருக்கும். லீவு போட்டுவிட்டு நீங்களும் போங்கள். குழந்தை மருத்துவரிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். 'தொட்டிலை வேகமாக ஆட்டினேன், சுவரில் இடித்தது, அழுகை சட்டென்று நின்றது.' அவர் தலைச் சுற்றளவை அளப்பார், உச்சிக்குழியைத் தொட்டுப் பார்ப்பார், கண் அசைவையும் கை கால் அசைவையும் கவனிப்பார், தேவை என்று நினைத்தால் ஸ்கேன் எழுதுவார். அதற்கு முன்பே குழந்தை காரணமில்லாமல் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, உச்சிக்குழி புடைத்துத் தெரிந்தாலோ, ஊசி நாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்தச் 'சட்டென்று அமைதி'யைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கைக்குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் கால் பங்கு. அதைத் தாங்கும் கழுத்துத் தசையில் பலம் கிடையாது. வேகமாகக் குலுக்கினால் மண்டையோட்டுக்குள் மூளை முன்னும் பின்னும் போய் மோதும், மேலே ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்கள் அறுந்து உள்ளே ரத்தம் கசியும், விழித்திரையிலும் கசியும். அப்போது குழந்தை அழுகையை நிறுத்தினால் சமாதானம் ஆகிவிட்டது என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பல சமயம் அது மூளை அதிர்ந்ததால் வந்த மயக்கம். குலுக்கியது பலித்துவிட்டது என்று நினைப்பதால்தான் அடுத்த முறையும் அதையே செய்கிறார்கள். தொட்டிலில் ஆட்டியது கையில் பிடித்து உலுக்கியதற்குச் சமம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு நீங்கள் அந்தப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தீர்கள். அது உங்களுக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்ததால்தான் தூக்குவதை நிறுத்தினீர்கள்.

இதில் நான் இரண்டு விஷயத்தைப் பார்க்கிறேன். கை நிதானத்தில் இல்லை என்று தெரிந்து குழந்தையிடமிருந்து விலகி நின்றீர்களே, அது சரியான காரியம். அந்தப் பயம் தகப்பனுடைய பயம். விலகியதை யாரிடமும் சொல்லாமல், 'அவர்களுக்கும் வசதிதான்' என்று அவர்கள் தலையில் கட்டியதுதான் தப்பு. அதன் விலையை இப்போது வீட்டில் எல்லோரும் கொடுக்கிறார்கள்.

கொஞ்சம் அந்தப் பெட்ரூமுக்கு உள்ளிருந்து பாருங்கள். ராத்திரி பத்து மணிக்கு ஒரு மனிதர் வருகிறார். வாரத்தில் மூன்று நாள் வாடையோடு வருகிறார். குரலை உயர்த்துகிறார், ஒரு முறை பாத்திரம் பறந்திருக்கிறது. ஆசையாகத் தூக்கக் கேட்டுக்கொண்டிருந்த குழந்தையை ஒரு நாள் திடீரென்று தொடுவதையே விட்டுவிட்டார், காரணமும் சொல்லவில்லை. நம் ஊரில் இதற்கு என்ன காரணம் தோன்றும்? பெண் குழந்தை என்பதுதான் தோன்றும். உங்கள் மனைவி கண்ணுக்குக் கிடைத்ததை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். விடை தப்பு. ஆனால் சரியான விடையை நீங்கள் பூட்டி வைத்திருக்கும்போது அவர் வேறு எதைத்தான் நினைப்பார்?

டிபன் பாக்ஸ் விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்க என்னால் முடியாது. 'யார் மேலும் எறியவில்லை', 'கை வைத்ததில்லை' என்று இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். வயிற்றில் தையல் போட்டு, கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு பெண்ணுக்கு முன்னால் பாத்திரம் சுவரில் மோதினால், அடுத்தது எங்கே விழும் என்று அவர் உடம்பு கணக்குப் போட்டுவிடும். நீங்கள் சத்தம் போட்டதும் அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்துவது உங்களை அவமதிக்க இல்லை. குழந்தையைப் பத்திரப்படுத்துகிறார். மற்ற வீடுகளில் அடிக்கிறார்கள் என்பது உங்கள் வீட்டுக்கு நற்சான்றிதழ் ஆகாது.

சோற்றைச் சூடு பண்ணித் தர ஆள் இல்லை என்பதற்கும் ஒரு வார்த்தை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் சின்னக் குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை குடிக்கும். அந்த வீட்டில் பத்து மணிக்குக் கண்ணயர்ந்த இரண்டு பெண்களும் பன்னிரண்டுக்கு எழ வேண்டியவர்கள். அடுப்பைப் பற்றவைக்க உங்களுக்குத் தெரியும்.

இவ்வளவு கண்டித்துவிட்டு இதையும் சொல்ல வேண்டும். உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று நினைக்கிறேன். வாசலில் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பது, ருசி செத்துப்போனது, மேட்ச் பார்க்கத் தோன்றாதது, மூன்று மணி விழிப்பு, ஈசிஜியில் தெரியாத நெஞ்செரிச்சல், பழைய அளவைத் தாண்டிய குடி, எதற்கெடுத்தாலும் எரிச்சல். இத்தனையும் ஒன்றாக வந்தால் மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு தாய்க்கு மட்டும் வரும் என்று நினைக்கிறோம். 2010-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 43 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு வந்தது. அதன்படி பத்தில் ஒரு தகப்பனுக்கு இது வருகிறது. அதிலும் குழந்தைக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும் சமயத்தில்தான் அதிகம். நீங்கள் சரியாக அங்கேதான் நிற்கிறீர்கள். பெண்கள் அழுவதால் மற்றவர் கண்ணில் படுகிறது. ஆண்களிடம் அது கோபமாகவும் குடியாகவும் ராத்திரி பத்து மணி வரை நீளும் வேலையாகவும் வருவதால் 'திமிர்' என்று பெயர் வாங்கிவிடுகிறது. பெண்ணுக்குச் சட்டம் 26 வாரப் பிரசவ விடுப்பு தருகிறது, மத்திய அரசு ஊழியரான ஆணுக்கு 15 நாள் உண்டு, தனியாரில் வேலை பார்க்கும் உங்களுக்குச் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை. உங்கள் இரண்டு நாள் லீவைப் பற்றிய வருத்தத்தில் முழு நியாயம் இருக்கிறது. அதற்கு உங்கள் மாமியார் பொறுப்பில்லை.

இதைத் தானாகச் சரியாகும் என்று விடக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 2005-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. குழந்தைக்கு எட்டு வாரம் இருக்கும்போது தகப்பனுக்கு மனச்சோர்வு இருந்த வீடுகளில், மூன்றரை வயதில் குழந்தைகளுக்கு நடத்தையிலும் உணர்ச்சியிலும் சிக்கல்கள் கூடுதலாக இருந்தன. தாய்க்கு மனச்சோர்வு இருந்ததா இல்லையா என்பதைக் கணக்கில் எடுத்துப் பார்த்தபோதும் அந்த வித்தியாசம் போகவில்லை. உங்கள் குழந்தைக்கு இப்படித்தான் ஆகும் என்று அர்த்தமில்லை. தகப்பன் பேசாமல், சிரிக்காமல், தூக்காமல் இருப்பது குழந்தைக்குத் தெரியும் என்பதுதான் அர்த்தம்.

இனி செய்ய வேண்டியது. மனைவியிடம் சொல்லுங்கள். குழந்தை பால் குடித்துத் தூங்கிய நேரமாக, நீங்கள் குடிக்காத நாளாக இருக்கட்டும். இவ்வளவு போதும்: 'பாப்பாவுக்கு ரெண்டு மாசம் இருக்கறப்போ ஒரு ராத்திரி தொட்டிலை ரொம்ப வேகமா ஆட்டிட்டேன். சுவத்துல இடிச்சுது. எனக்கே பயமாயிடுச்சு. அதான் தூக்கறதில்லை. பொண்ணுங்கறதால இல்லை.' அங்கேயே நிறுத்துங்கள். 'நீங்க ரெண்டு பேரும் தூங்கிட்டீங்க', 'உங்கம்மா அன்னைக்கே குடுத்திருந்தா' என்று ஒரு சொல் சேர்ந்தாலும் எல்லாம் வீணாகிவிடும். அவர் அழலாம், திட்டலாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச நாள் அம்மா ஊரில் இருக்கிறேன் என்று சொல்லலாம். சொன்னால் தடுக்காதீர்கள், வண்டி ஏற்பாடு செய்து கொடுங்கள். அவர் போவதும் போகாததும் அவர் முடிவு. நீங்கள் வைத்தியத்துக்குப் போவதை அதோடு முடிச்சுப் போடாதீர்கள்.

மனச்சோர்வைக் கண்டுபிடிக்க எடின்பரோ அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. 1987-ல் பிரசவமான தாய்மார்களுக்காக உருவானது. பத்துக் கேள்விகள், கடந்த 7 நாட்களைப் பற்றியவை, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 மதிப்பெண். தாய்மார்களுக்குப் பொதுவாக 13 வந்தால் கவனிப்பார்கள். ஆண்கள் அழுகையையும் பயத்தையும் குறைத்துச் சொல்வதால் 10-ஐத் தாண்டினாலே மருத்துவர் பார்ப்பது நல்லது. பத்தாவது கேள்வி, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு 'இல்லவே இல்லை' தவிர வேறு எந்தப் பதில் உங்கள் மனசில் வந்தாலும், மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், அன்றைக்கே உதவி கேளுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. குழந்தையை ஏதாவது செய்துவிடுவோமோ என்ற பயத்தையும் அங்கே சொல்லலாம், அதைக் கேட்டு அவர்கள் அதிர்ச்சி அடைய மாட்டார்கள்.

மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். சீட்டு போட்டு ஒரு காலை நேரம் ஒதுக்கினால் போதும். தைராய்டு, பி12, ரத்த அளவு பார்க்கச் சொல்வார்கள், பாருங்கள். மாத்திரை எழுதினால் அதன் பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். முதல் வாரத்தில் வயிற்றைப் புரட்டுவது, கொஞ்சம் படபடப்பு இருக்கும். பலர் அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். குணமானது போலத் தெரிந்த பிறகும் ஆறு மாதமாவது சாப்பிட வேண்டியிருக்கும், நிறுத்துவதையும் மருத்துவர் சொல்லிப் படிப்படியாகத்தான். தகப்பன் சாப்பிடும் மாத்திரை தாய்ப்பாலுக்குப் போகாது. இதை வீட்டில் யாராவது கிளப்பினால் சொல்லுங்கள்.

குடி தூக்கத்துக்காக என்று எழுதியிருக்கிறீர்கள். படுத்ததும் தூக்கம் வரும், நாலைந்து மணி நேரத்தில் உடம்பிலிருந்து அது இறங்கும்போது விழிப்புத் தட்டும். குடித்த நாட்களில் உங்கள் மூன்று மணி விழிப்பில் அதற்கும் பங்கு உண்டு. மாத்திரையோடு சேரவே கூடாது. குடித்த ராத்திரி குழந்தை பக்கத்தில் படுக்காதீர்கள். உருண்டு மேலே விழுந்தாலும் தெரியாது. அந்த வகையில் ஹாலில் பாய் நல்ல இடம்தான்.

குழந்தையைத் தூக்குவதைத் திரும்ப ஆரம்பிப்பது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்தது அதுதான் என்று தோன்றுகிறது. ராத்திரியில் ஆரம்பிக்காதீர்கள். ஞாயிறு காலை, பால் குடித்து முடித்த நேரம், சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். மனைவியோ மாமியாரோ குழந்தையை உங்கள் மடியில் வைக்கட்டும், பக்கத்திலேயே இருக்கட்டும். ஒரு கை தலைக்கும் கழுத்துக்கும், ஒரு கை இடுப்புக்கு. பத்து நிமிடம். குழந்தை அழுதாலோ உங்களுக்கு மார்பு படபடத்தாலோ திருப்பிக் கொடுங்கள், அதில் தோல்வி எதுவும் இல்லை. அடுத்து, குளிப்பாட்டும்போது மாமியார் காலில் போட்டுத் தேய்க்கட்டும், தண்ணீர் ஊற்றுவது உங்கள் வேலை. இந்தக் கட்டத்தில் அவரைப் போல ஓர் ஆசிரியை உங்களுக்குக் கிடைக்க மாட்டார். பால் குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் எடுப்பது, துணி மாற்றுவது என்று போகலாம். தனியாக வைத்துக்கொள்வதெல்லாம் உங்கள் மருத்துவரும் மனைவியும் சரி என்ற பிறகு. அதுவரை ராத்திரி அழுகைக்கு நீங்கள் தனியாக எழுந்து போக வேண்டாம், அவர்களை எழுப்புங்கள்.

அழுகையைப் பற்றியும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஆரோக்கியமான குழந்தைகளே பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து அதிகமாக அழ ஆரம்பித்து, ஆறு முதல் எட்டு வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் குறைவார்கள். அந்த உச்சத்தில் என்ன செய்தாலும் சில நேரம் நிற்காது. அன்றைக்கு நீங்கள் மாட்டிக்கொண்டது அங்கேதான். இனி எப்போது அழுதாலும் பசி, ஈரத் துணி, வெக்கை, துணியில் எறும்பு, கால் விரலில் முடி சுற்றியிருப்பது, காய்ச்சல் என்று பாருங்கள். எல்லாம் பார்த்தும் நிற்கவில்லை, உங்களுக்கு உள்ளே சூடு ஏறுகிறது என்றால், குழந்தையைத் தரையில் விரித்த பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, பக்கத்தில் தலையணை போர்வை எதுவும் இல்லாமல் செய்துவிட்டு, கதவுக்கு வெளியே வந்து நில்லுங்கள். முகம் கழுவுங்கள், யாரையாவது எழுப்புங்கள். ஐந்து பத்து நிமிடம் அழுவதால் குழந்தைக்குச் சேதம் இல்லை. தொட்டிலையும் இடம் மாற்றிக் கட்டுங்கள். எந்தப் பக்கம் ஆடினாலும் சுவரோ கட்டிலோ ஒரு கை தூரத்துக்கு மேல் இருக்கட்டும், தரையிலிருந்து உயரம் ஓர் அடிக்குள் இருக்கட்டும். புரள ஆரம்பித்துவிட்டால் அதில் தனியாக விடவே கூடாது, அந்த வயது நெருங்கிவிட்டது.

உங்கள் மனைவியை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவதை நீங்கள் முகம் தூக்கும் கணக்கில் எழுதிவிட்டீர்கள். பிரசவத்துக்குப் பின் முதல் பத்து நாள் வரும் அழுகை வேறு, நாலாவது மாதத்தில் ஒளிந்து அழுவது வேறு. கணவன் மனைவி இருவரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்புக் கூடுகிறது. அதே பத்துக் கேள்விகளை அவரும் எழுதட்டும். கர்ப்பத்தில் சுகர் இருந்தவர், பிரசவமான 6 முதல் 12 வாரத்துக்குள் செய்ய வேண்டிய சர்க்கரைப் பரிசோதனை ஆனதா? ஆகியிருக்காவிட்டால் அதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். ஒரு நாளைக்குத் தொடர்ந்து நாலைந்து மணி நேரத் தூக்கம் அவருக்கும் வேண்டும், உங்களுக்கும் வேண்டும். மாமியார் இருக்கும்போதுதான் இதை மூன்று பேராகப் பங்கு போட முடியும்.

ஊசிக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பாவது மனைவியிடம் பேசிவிடுங்கள். தொட்டில் சுவரில் இடித்ததை மருத்துவர் அறையில் வைத்து அவர் முதல் முறையாகக் கேட்கும்படி ஆகக் கூடாது.